பழைய வீட்டுக்கு மேல் மாடி எடுக்கிறீர்களா? ஆர்க்கிடெக்ட் அமர்த்துவது பற்றி ஒரு வழிகாட்டி

பழைய வீட்டின் மேல் மாடி எடுப்பதோ, பின்பக்கம் ஒரு அறை இழுத்துக் கட்டுவதோ புது வீடு கட்டுவதைவிடச் சின்ன வேலை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். செலவில் சின்னதுதான், ஆனால் யோசிக்க வேண்டியதில் பெரியது. காலி மனை என்றால் எதை வேண்டுமானாலும் வரையலாம். இங்கே ஏற்கெனவே ஒரு வீடு நிற்கிறது, அதன் அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, அன்றைக்குக் கட்டிய மேஸ்திரி இப்போது எங்கே இருக்கிறாரோ, இதற்கு நடுவில் நீங்கள் குடும்பத்தோடு அதிலேயே குடியிருக்கவும் வேண்டும். அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். புது அறை எப்படி இருக்கும் என்று முதல் நாளே கலர் படம் காட்டுகிறவர் வேண்டாம், பழைய வீட்டை முழுசாக அளந்து பார்க்கணும் என்று கேட்கிறவரைப் பிடியுங்கள். கீழே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டில் தனி வீடு வைத்திருப்பவர்களுக்காக எழுதுவது.

முதலில் வீட்டுக்குள் பேசி முடியுங்கள்

ஆர்க்கிடெக்டுக்கு போன் போடுவதற்கு முன், வீடு யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். கேட்க அசட்டுத்தனமாக இருக்கும், ஆனால் பத்திரம் தாத்தா பேரிலும் பட்டா அப்பா பேரிலும், வரி ரசீது இன்னொருவர் பேரிலும் இருக்கிற வீடுகள் ஏராளம். கட்டட அனுமதிக்கு உரிமையாளர்தான் விண்ணப்பிக்க வேண்டும். அப்பா இறந்துவிட்டார், இன்னும் பெயர் மாற்றவில்லை என்றால், வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் எல்லாம் முடிகிற வரை எந்த ஆர்க்கிடெக்டாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம் "கீழ் வீடு அண்ணனுக்கு, மேலே தம்பி கட்டிக்கட்டும்" என்று வாய்வார்த்தையாகப் பேசி வைத்திருப்பது. இதை எழுத்தில் கொண்டுவந்து பதிவு செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மாடிப்படி யாருக்கு, மொட்டை மாடி யாருக்கு, போர் தண்ணீர் யாருக்கு, கார் எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் படம் வரைகிறவருக்கும் தெரிய வேண்டிய விஷயங்கள். படி வீட்டுக்குள் வருகிறதா வெளியே வருகிறதா என்பதை வைத்தே மொத்த பிளானும் மாறிவிடும். மாடியை வாடகைக்கு விடும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். பத்து வருஷம் கழித்து அம்மா அப்பாவால் படி ஏற முடியாது என்றால் படுக்கையறை கீழேதான் வர வேண்டும், அதையும் இப்போதே யோசியுங்கள்.

ஒரு ஃபைலில் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, பழைய அனுமதி பிளான் ஆகியவற்றின் நகல்களைச் சேர்த்து வையுங்கள். பழைய பிளான் கிடைக்கவில்லை என்றால், முன்பு வீட்டுக்கடன் வாங்கிய வங்கியில் கேட்டுப் பாருங்கள், கடன் ஃபைலோடு ஒரு நகல் பெரும்பாலும் இருக்கும்.

யாரை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லலாம்

1972 ஆம் வருடத்து ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர் மட்டும்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியும். ஐந்து வருட பி.ஆர்க். படித்து முடித்து இந்தப் பதிவு வாங்கியிருப்பார்கள். பதிவு எண் 'சிஏ' என்று தொடங்கி, பதிவான வருடமும் ஒரு எண்ணும் வரும். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ போட்டால் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எண்ணைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, முறையாகத் தொழில் செய்கிறவர் தன் லெட்டர்பேடிலேயே போட்டிருப்பார்.

நம் ஊரில் "பிளான் போட்டுக் கொடுப்பவர்" என்று ஒருவர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார். அவர் பெரும்பாலும் டிராஃப்ட்ஸ்மேனாகவோ சிவில் இன்ஜினியராகவோ இருப்பார், அனுமதிக்கான படத்தை குறைந்த செலவில் வரைந்து ஆபீஸ் வேலையையும் முடித்துக் கொடுப்பார். அது ஒரு நேர்மையான வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அனுமதிப் படம் என்பது விதிகளுக்கு உட்பட்டிருக்கிறது என்று காட்டுகிற படம், அவ்வளவுதான். மதியம் எந்த அறையில் வெயில் இறங்கும், மேல் பாத்ரூம் குழாய் எந்தச் சுவரில் இறங்கும், புதுப் படி வந்தால் கீழ் ஹாலுக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும் என்பதெல்லாம் அதில் இருக்காது.

மூன்றாவது ஆள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், அதாவது கட்டடம் பாரம் தாங்குமா என்று கணக்குப் போடுகிறவர். பழைய வீட்டின் மேல் பாரம் ஏற்றுகிற வேலையில் இவர் இல்லாமல் ஆகாது. ஆர்க்கிடெக்ட் தன் டீமோடு இவரையும் கூட்டி வருவாரா, அவர் ஃபீஸ் தனியா சேர்த்தா என்று முதல் பேச்சிலேயே கேளுங்கள். "எங்க மேஸ்திரியே பார்த்துப்பார்" என்று பதில் வந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேடுவதும் முதல் சந்திப்பும்

இன்ஸ்டாகிராமில் அழகான வீடு போட்டவரைத் தேடிப் போவதில் தப்பில்லை. ஆனால் அவற்றில் எத்தனை பழைய வீட்டை விரிவாக்கிய வேலை என்று பாருங்கள், புது வீடு மட்டுமே செய்தவருக்கு இந்த வேலையின் தலைவலி தெரியாது. இரண்டு மூன்று பேரைப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம், குழப்பம்தான் மிஞ்சும். ஒவ்வொருவரிடமும் இரண்டு மழைக்காலம் பார்த்த ஒரு விரிவாக்க வேலையைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது இதுதான்: பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் விரிசல் விட்டதா, ஐப்பசி மழையில் அந்த இடத்தில் ஓதம் ஏறியதா, வேலை நடந்தபோது ஆர்க்கிடெக்ட் வந்தாரா இல்லை அசிஸ்டென்டை மட்டும் அனுப்பினாரா. எலிவேஷன், அதாவது வீட்டு முகப்பின் அழகைவிட இந்தப் பதில்கள்தான் முக்கியம்.

முதல் சந்திப்பை அவர் ஆபீஸில் வைக்காதீர்கள். வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அதற்கு ஒரு ஃபீஸ் கேட்டால் கொடுத்துவிடுங்கள், இலவசமாக வந்துபோகிறவர் பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவார். வந்தவர் என்ன பார்க்கிறார் என்று கவனியுங்கள். நல்லவர் நேராக மொட்டை மாடிக்குப் போவார், அப்புறம் கீழே வந்து சன்ஷேடின் அடிப்பக்கத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதா என்று பார்ப்பார், செப்டிக் டேங்க் எங்கே, சம்ப் எங்கே, தெருவை உயர்த்திய பிறகு வெள்ளம் வாசற்படி வரை வந்ததா என்று கேட்பார். உங்கள் வாய் வழியாகவே பட்ஜெட்டையும் வரவழைப்பார். பட்ஜெட்டை மறைக்காதீர்கள், கையில் இருக்கும் உண்மையான தொகையைச் சொல்லுங்கள், அதில் பத்துப் பதினைந்து சதவீதத்தை எதிர்பாராத செலவுக்கு என்று ஒதுக்கச் சொல்லுங்கள். பழைய வீட்டைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

வாஸ்து பார்ப்பீர்கள் என்றால் அதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். படம் எல்லாம் முடிந்த பிறகு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்து படியை மாற்றச் சொல்வது எல்லோருக்கும் நஷ்டம்.

வீடு தாங்குமா என்கிற கேள்வி

இதுதான் எல்லாவற்றிலும் பெரிது, இதில் அவசரப்படவே கூடாது.

"அப்பவே மாடிக்குன்னு கம்பி விட்டு வெச்சிருக்கோம்" என்று சொல்லாத வீட்டுக்காரர் குறைவு. மொட்டை மாடிக்குப் போய் அந்தக் கம்பிகளைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நுனியில் தடியாகத்தான் இருக்கும். காங்கிரீட்டுக்குள் நுழையும் அடிப்பகுதியில் மழைத்தண்ணீர் தேங்கித் தேங்கி, துரு அடை அடையாக உரிந்து வரும். ஒரு வயர் பிரஷ்ஷால் அதைத் தேய்த்துவிட்டு அளந்தால் 16 எம்எம் கம்பி 13 எம்எம்தான் இருக்கும். மூன்று எம்எம்தானே என்று தோன்றும், ஆனால் கம்பியின் குறுக்குப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அதற்கு அர்த்தம். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் இன்னும் மோசம். அந்தக் கம்பியில் புதுக் கம்பியை அப்படியே கட்டி பில்லர் எழுப்ப எந்த மேஸ்திரியையும் விடாதீர்கள். காங்கிரீட்டை உடைத்து நல்ல கம்பி வருகிற வரை இறங்குவதா, துளையிட்டு ரசாயனப் பசை வைத்துப் புதுக் கம்பி நடுவதா என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்ல வேண்டும்.

பாரக் கணக்கையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்பது அங்குல செங்கல் சுவர் பத்தடி உயரத்துக்கு, ஓரடி நீளம் மட்டும் கிட்டத்தட்ட 400 கிலோ. அப்படியானால் 12க்கு 10 அடி அறை ஒன்றின் நாலு சுவரும், கதவு ஜன்னலைக் கழித்த பிறகும், 15 டன்னைத் தொடும். கூரையும் ஆட்களும் சாமானும் இந்தக் கணக்கில் இல்லை. 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் இன்னொரு டன். இதனால்தான் மாடிச் சுவருக்கு ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுத் துளைகள் நிறைந்த லேசான கல்) போடலாமா என்று நல்ல ஆர்க்கிடெக்ட் பேச்செடுப்பார், அது செங்கல்லின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மொட்டை மாடியில் ஏற்கெனவே இருக்கும் சுண்ணாம்பு ஜல்லியையும் தட்டோட்டையும் பெயர்த்து எடுத்தாலே சதுர அடிக்குச் சுமார் 15 கிலோ பாரம் குறையும்.

பில்லர் இல்லாமல் சுவரே பாரம் தாங்குகிற வீடு என்றால் கணக்கு வேறு. மேல் சுவர் கீழ் சுவருக்கு நேர் மேலேயே வர வேண்டும், கீழே ஹாலைப் பெரிதாக்க ஒரு சுவரை இடிப்பது என்பது விளையாட்டல்ல. சென்னையின் பழைய பகுதிகளில் உத்தரக் கட்டையும் செங்கல்லும் வைத்த மெட்ராஸ் டெரஸ் கூரை இருந்தால் அதன் மேல் நேரடியாக மாடி எழுப்பும் பேச்சே வேண்டாம். அந்த மாதிரி இடங்களில் வீட்டைச் சுற்றிப் புதுப் பில்லர் இறக்கி, பழைய வீட்டின் மேல் பாரமே விழாமல் மாடியைத் தனியாக நிறுத்தும் வழியும் உண்டு. செலவு கூடும், ஆனால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ள இரண்டு சோதனைகளை வலியுறுத்திக் கேளுங்கள். ஒன்று, அஸ்திவாரத்தை ஒட்டி ஓரிரு இடத்தில் குழி தோண்டி ஆழம், அகலம், மண் வகை பார்ப்பது. கோயம்புத்தூர், மதுரை, விருதுநகர் வட்டாரங்களில் கரிசல் மண் உள்ள இடமென்றால் இது இன்னும் அவசியம், மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மண் அது. இரண்டாவது, காங்கிரீட்டின் தரத்தை உடைக்காமல் பார்க்கும் ரிபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக் சோதனைகள், சந்தேகம் இருந்தால் ஒரு சின்ன கோர், அதாவது காங்கிரீட்டில் துளைத்து ஒரு உருளைத் துண்டு எடுத்துப் பார்ப்பது. மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் இந்தத் தொகை ஒன்றுமே இல்லை. சென்னை நிலநடுக்க மண்டலம் மூன்றில் (மிதமான ஆபத்துள்ள பகுதி) வைக்கப்பட்டது 2002 இல்தான், அதற்கு முன் அங்கே கட்டிய வீடுகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்கைப் பார்க்காமல் கட்டியவை என்பதையும் இன்ஜினியரிடம் ஞாபகப்படுத்துங்கள்.

பக்கவாட்டில் அறை இழுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய அஸ்திவாரத்தை ஒட்டி, அதைவிட ஆழமாக, நீளவாக்கில் ஒரே மூச்சில் தோண்டக் கூடாது. பழைய சுவருக்குக் கீழே இருக்கும் மண் சரிந்தால் வீடே இறங்கும். துண்டு துண்டாகத்தான் தோண்டி, கட்டி, மூடிக்கொண்டு வர வேண்டும். புது அறை முதல் சில வருஷம் கொஞ்சம் இறங்கும், பழைய வீடு ஏற்கெனவே இறங்கி நின்றுவிட்டது, அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டு அதை முறையாக மூடுகிற படம் ஆர்க்கிடெக்டிடம் இருக்க வேண்டும்.

ஃபீஸும் ஒப்பந்தமும்

ஃபீஸ் மூன்று விதமாகக் கேட்பார்கள். கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம், சதுர அடிக்கு இவ்வளவு, அல்லது மொத்தமாக ஒரு தொகை. விரிவாக்க வேலைக்கு என் வோட்டு மொத்தத் தொகைக்குத்தான். சதுர அடிக் கணக்கில் புது அறை 300 சதுர அடி என்றால் ஃபீஸ் மிகக் குறைவாக வரும், பழைய வீட்டை அளந்து வரைந்து ஆராய்வதில் போகிற நாட்களுக்கு அவருக்குக் கூலி கிடைக்காது, அதனால் அந்த வேலையைத்தான் முதலில் சுருக்குவார். சதவீதக் கணக்கில் செலவு ஏறினால் அவர் ஃபீஸும் ஏறும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் 18 சதவீதம் சேரும், சொன்ன தொகை அதையும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் இருந்தால் போதும், ஆனால் எழுத்தில் இருக்கட்டும். அதில் பழைய வீட்டை அளந்து வரையும் படம் சேர்த்தி என்று தெளிவாக இருக்க வேண்டும். எத்தனை முறை பிளான் மாற்றலாம், அனுமதி வேலை யார் பொறுப்பு, எந்தெந்தப் படம் தருவார், வேலை நடக்கும்போது எந்தெந்தக் கட்டத்தில் சைட்டுக்கு வருவார், நடுவில் பிரிந்தால் கணக்கு எப்படி என்பதும் வேண்டும். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். படமெல்லாம் கைக்கு வரும்போது பாதிக்கு மேல் போயிருக்கக் கூடாது, மீதி சைட் வேலையோடு சேர்ந்து போகட்டும்.

டைல்ஸ் கடை, பெயின்ட் கடை, கான்ட்ராக்டர் யாரிடமும் ஆர்க்கிடெக்ட் கமிஷன் வாங்கக் கூடாது என்பது 1989 ஆம் வருடத்துத் தொழில் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. ஆகவே "நீங்க கடையில கமிஷன் எடுப்பீங்களா" என்று நேராகக் கேட்கலாம். நேர்மையானவருக்குக் கோபம் வராது.

அனுமதி

2019 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் இப்போது அடிப்படை. உயரமில்லாத சாதாரணக் கட்டடத்துக்குத் தளப் பரப்புக் குறியீடு 2, அதாவது 1200 சதுர அடி மனையில் எல்லா மாடியும் சேர்த்து 2400 சதுர அடி வரை. ஆனால் நடைமுறையில் உங்களைத் தடுப்பது சுற்றிலும் விட வேண்டிய காலி இடம்தான், அது தெரு அகலத்தையும் மனையையும் பொறுத்து மாறும். முன்பு பிளானில் இல்லாமல் ஒரு பாத்ரூமோ ஷெட்டோ சுற்றுச்சுவரை ஒட்டிக் கட்டியிருந்தீர்கள் என்றால், விரிவாக்கத்துக்கு விண்ணப்பிக்கும்போது அது வெளியே வரும். அதை முதல் நாளே ஆர்க்கிடெக்டிடம் சொல்லிவிடுங்கள். மனையே அங்கீகாரம் இல்லாதது என்றால், 2017 இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் வரன்முறை ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீடு என்றால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் அனுமதி உடனே கிடைக்கும் வழி அது. வேகமாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கவனம் குறையக் கூடாது. விதிப்படிதான் கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போடுவது நீங்கள், மீறல் வந்தால் பொறுப்பும் உங்களுடையது. உங்கள் வேலை எந்த வழியில் போகிறது என்பதை ஆர்க்கிடெக்டிடம் எழுத்தில் வாங்குங்கள். வங்கியில் விரிவாக்கக் கடன் வாங்குவதாக இருந்தால் அனுமதிப் படமும் எஸ்டிமேட்டும் இல்லாமல் நகராது.

படம், மாதக் கணக்கு, சைட்

நம் பக்கம் ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வேலை தொடங்குவதில்லை, அதை உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளுங்கள். ஆடியில் ஆர்க்கிடெக்டைப் பிடித்து, மழைக்காலம் முழுக்கச் சோதனை, படம், அனுமதி, கான்ட்ராக்டர் பேச்சு எல்லாவற்றையும் முடித்தால் தையில் கடப்பாரை போடலாம். புரட்டாசியில் மொட்டை மாடித் தட்டோட்டைப் பெயர்த்துவிட்டு ஐப்பசி மழைக்குக் கீழே பக்கெட் வைத்துக்கொண்டு உட்காரும் குடும்பங்கள் வருஷா வருஷம் இருக்கின்றன.

கான்ட்ராக்டரைப் பேசுவதற்கு முன் ஒர்க்கிங் டிராயிங், அதாவது சைட்டில் வைத்துக் கட்டுவதற்கான விவரப் படம் முழுசாகக் கையில் இருக்கட்டும். பிளம்பிங், எலெக்ட்ரிக்கல், கதவு ஜன்னல் விவரம், கம்பி விவரம், அளவுப் பட்டியல் எல்லாம் இருந்தால்தான் இரண்டு கான்ட்ராக்டர்களின் விலையை ஒப்பிட முடியும். இல்லாவிட்டால் சதுர அடி ரேட்டில் பேசி, பிறகு "அது எக்ஸ்ட்ரா, இது எக்ஸ்ட்ரா" என்று போய்க்கொண்டே இருக்கும். பழைய பிளாஸ்டர் உடைத்தால் யார் பூசுவது, இடிபாடுகளை யார் அள்ளுவது, வேலையாட்கள் வெளிப்படி வழியாக ஏறுவார்களா உங்கள் ஹால் வழியாகவா, வேலை நடக்கும்போது தண்ணீர்த் தொட்டி எங்கே நிற்கும், கரன்ட் எந்த மீட்டரில் எடுப்பார்கள் என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள்.

ஆர்க்கிடெக்டும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் கட்டாயம் நேரில் வர வேண்டிய நாட்கள் சில உண்டு. அஸ்திவாரக் குழி தோண்டிய அன்று, பழைய பில்லர் கம்பியில் புதுக் கம்பி சேர்க்கும் அன்று, கூரைக்குக் கம்பி கட்டி முடித்து காங்கிரீட் போடுவதற்கு முந்தின நாள், பழையதும் புதியதும் சேரும் இடத்தை மூடும் அன்று. இந்தத் தேதிகளை கான்ட்ராக்டர் இரண்டு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் போடுங்கள். காங்கிரீட் லாரி வந்து நிற்கும்போது போன் போட்டு ஓகே வாங்குவது செக்கிங் ஆகாது.

கம்பி கட்டியதும், சுவரில் குழாயும் ஒயர் பைப்பும் பதித்ததும், மூடுவதற்கு முன் டேப்பை அளவுக்கு வைத்து போட்டோ எடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் கடைசித் தவணை கொடுப்பதற்கு முன், கட்டியபடி திருத்திய படங்களை பிடிஎஃப் ஆகவும் கேட் (CAD, கம்ப்யூட்டரில் திருத்தக்கூடிய படம்) ஃபைலாகவும் வாங்கி, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்திட்ட கணக்கையும் சேர்த்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். அடுத்து மாநகராட்சியிலோ நகராட்சியிலோ சொத்து வரியைப் புது அளவுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள், மாடியைத் தனி வீடாக விடுவதாக இருந்தால் மின் வாரியத்தில் தனி இணைப்புக்கும் விண்ணப்பியுங்கள்.